ஒரு சதுர வாட்ச்சும் மூணு பீப்பும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனா ஆணி எப்பவும் இருக்கிற அளவுதான். உண்மைக் காரணம் கால். இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்புல மயிரிழை அளவு ஒரு விரிசல். ஏழு வாரம் ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த ஏழு வாரத்துல நான் செஞ்ச உருப்படியான காரியம் ரெண்டு. ஒண்ணு, நாலாவது வாரத்துலேர்ந்து நீச்சலுக்குப் போனது. இன்னொண்ணு, ஒரு வாட்ச் தேர்ந்தெடுத்தது.

ஒரு வாட்ச் வாங்குறதுக்கு ஒரு பதிவான்னு கேக்காதீங்க. வாட்ச் விவரம் மட்டும் போதும்ங்கிறவங்க நடுவுல நம்பர் போட்ட பட்டியலுக்குத் தாவிடலாம். மத்தவங்க எல்லாம் கொஞ்சம் கொசுவத்தி சுத்துறதைப் பாருங்க :-)

2023ல ஆபீஸ்ல வருஷாந்திர ரத்தப் பரிசோதனை. ஓசியாச்சேன்னு போய்க் கையை நீட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. எச்பிஏ1சி 6.1. கடந்த ரெண்டு மூணு மாசத்துல ரத்தத்துல சர்க்கரை சராசரியா எப்படி இருந்ததுன்னு சொல்ற எண் அது. 5.7க்குக் கீழே இருந்தா நல்ல பிள்ளை. 6.5ஐத் தொட்டா சர்க்கரை நோய். நடுவுல இருக்கிறவன் வாசப்படியில நிக்கிறவன். எனக்கு அப்போ வயசு 26. பொட்டி தட்டுறவன் புத்தி, பக்கத்தை மூணு தடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தேன். எண் மாறல.

எங்க பெரியப்பாவுக்கு சர்க்கரையால வலது கால்ல ரெண்டு விரல் எடுத்தாங்க. நான் அப்போ பத்தாங்கிளாஸ். ஆஸ்பத்திரியில அவர் கால்கட்டைப் பார்க்காம ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதல்ல கண்ணுக்கு வந்தது அந்த ஜன்னல்தான்.

மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு பெசன்ட் நகர் பீச்ல நின்னேன். ஓட ஆரம்பிச்ச கதை அவ்வளவுதான்.

ஓட ஆரம்பிச்சா அடுத்தது என்ன? சாமான் வாங்குறது. ஷூ வாங்கினேன், டிஷர்ட் வாங்கினேன், ஒரு ஸ்மார்ட்வாட்ச்சும் வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, அதுவா முக்கியம். ஓடினா ஒரு வளையம் முழுசாகும். முழுசானா பட்டாசு வெடிக்கும். தொடர்ந்து எத்தனை நாள் வெடிச்சதுன்னு ஒரு கணக்கு வேற. நான் 143 நாள் விடாம வெடிச்சேன்.

இந்தப் பத்தாயிரம் காலடி கணக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்து, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி காலடி எண்ணுற கருவி ஒண்ணு வித்துது. அதுக்கு வெச்ச பேர் 'மான்போ-கெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி மீட்டர். அந்த எண் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதில்ல, வாயில சொல்ல நல்லா இருந்தது, வெச்சுட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சு நான் ராத்திரி பதினொன்றரைக்கு ரூமுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்து அந்த எண்ணை நிரப்பிட்டு இருந்தேன். ரூம்மேட் போர்வைக்குள்ளேர்ந்து, "மச்சான், பேய் புடிச்சிருக்கா?"ன்னு கேட்டான்.

120ஆவது நாள் காலுல வலி ஆரம்பிச்சது. முதல்ல ஓடும்போது மட்டும். அப்புறம் ஓடி முடிச்சும். அப்புறம் மாடிப்படி இறங்கும்போது. நான் என்ன பண்ணேன்? வலிக்கு ஸ்ப்ரே அடிச்சுட்டு வளையத்தை நிரப்பினேன். 143ஆவது நாள் ராத்திரி வலியில தூக்கமே வரல. ஸ்கேன் எடுத்தாங்க. விரிசல்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வலி வந்தப்புறம் எத்தனை நாள் ஓடினீங்க?"

"இருபத்து மூணு நாள் சார்."

"ஏன்?"

வளையம் முழுசாகணும்னு எப்படிங்க சொல்றது? பி.இ. படிச்சவன் நான். "மராத்தானுக்கு பயிற்சி சார்"னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்தேன். எந்த மராத்தானுக்கும் நான் பேர் கொடுத்திருக்கல.

நியாயமாச் சொன்னா வாட்ச் மேல தப்பு இல்ல. எண்ணச் சொன்னாங்க, எண்ணுச்சு. அடுத்த வாரம் அதுவும் பொசுக்குனு போயிடுச்சு. மழையில நனைஞ்சதோ, வேர்வையோ, ஸ்கிரீன் கருப்பாயிடுச்சு. தண்ணி போனா வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு வருத்தமே வரல. நிம்மதியா இருந்தது.

ஏழு வாரம் முடிஞ்சு பிசியோதெரபி அக்கா ஒரு அட்டவணை கொடுத்தாங்க. ஒரு நிமிஷம் மெதுவா ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. அது ஒரு செட். பத்து செட், மொத்தம் அரை மணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில வலி இல்லைன்னா மட்டும்தான் கூட்டணும். ஓடும்போது வலிச்சா அந்த இடத்துலயே நிறுத்திடணும். "நிறுத்துறதுன்னா நிறுத்துறது தம்பி, இந்த செட்டை மட்டும் முடிச்சுட்டு நிறுத்துறேன்னு இல்ல"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. என் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு போல.

இதுக்கு ஃபோன்ல ஒரு ஆப் போதாதா? போதும்தான். ஆனா ஃபோனைக் கையில எடுத்தா, டேமேஜரோட மெசேஜ் முன்னாடி நிக்கும். அஞ்சரை மணிக்கு 'புரொடக்‌ஷன் டவுன்'னு பார்த்துட்டு எவன் மெதுவா ஓடுவான்? அதனால வாட்ச்தான்னு முடிவாச்சு. அதுவும் வளையம், பட்டாசு எதுவும் இல்லாத, அடிபட்டாலும் சாகாத, பழைய மாதிரி டிஜிட்டல் வாட்ச்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் டிஜிட்டல் வாட்ச் வாங்கும்போது பார்க்க வேண்டியவைன்னு நான் குறிச்சு வெச்சது:

1. கவுண்ட்டவுன் டைமர், அதுவும் தானா திரும்ப ஓடணும். ஸ்டாப்வாட்ச் கிட்டத்தட்ட எல்லா டிஜிட்டல் வாட்ச்லயும் இருக்கு. டைமர் எல்லாத்துலயும் இல்ல. நம்ம எல்லார் கையிலயும் ஒரு காலத்துல இருந்த கேசியோ எஃப்-91டபிள்யூவை எடுத்துக்குங்க. 1989லேர்ந்து வர்ற வாட்ச், வெறும் 21 கிராம், ஏழு வருஷ பேட்டரி. ஆனா டைமர் கிடையாது. ஸ்டாப்வாட்ச்சும் ஒரு மணி நேரம் வரைக்கும்தான். சில மாடல்ல டைமர் இருக்கும், ஆனா ஒரு தடவை கத்திட்டுப் படுத்துக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னு நின்னு அமுக்கிட்டு இருக்க முடியாது.

2. தண்ணி. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறோம். 30 மீட்டர்னு போட்டிருந்தா 30 மீட்டர் ஆழத்துக்குக் கட்டிட்டுப் போகலாம்னு அர்த்தம் இல்ல. அது அசையாத தண்ணியில வெச்சுப் பார்த்த அழுத்தம். நடைமுறையில 30 மீட்டர்னா கை கழுவலாம், மழையில நனையலாம். நீச்சலுக்கு 50 வேணும், எதுக்கும் 100 இருந்தா நிம்மதி. 200 இருந்தா யோசிக்கவே வேண்டாம். எதுவா இருந்தாலும் தண்ணிக்குள்ள பட்டனை அமுக்காதீங்க. வெந்நீர்ல குளிக்கும்போது கழட்டிடுங்க, சூடும் சோப்பும் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தைக் கெடுத்துடும்.

3. இருட்டுல தெரியணும். கருப்புத் திரையில வெள்ளை எழுத்து ஷோரூம்ல பார்க்க அம்சமா இருக்கும். விடிகாலை அஞ்சு மணிக்கு பீச்ல ஒண்ணும் தெரியாது. வெளிர் திரையில கருப்பு எழுத்துதான் நமக்கு. லைட் திரை முழுக்கப் பரவணும், ஓரத்துல மட்டும் மினுக்குறது ஆகாது.

4. பட்டன். வேர்த்த விரல்ல தொடுதிரை வேலை செய்யாது. தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி நாலு பட்டன் இருந்தா போதும்.

5. அடி தாங்கணும். வாட்ச் பின்னாடி சும்மா 'ஷாக் ரெசிஸ்டன்ட்'னு போட, ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து கெட்டியான மரத்தளத்துல விழுந்து தாங்கினா போதும்ங்கிற அளவுல ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. என் கை லட்சணத்துக்கு அது பத்தாது.

6. ஸ்ட்ராப். உப்பு வேர்வையில கிடக்கப் போறது. ஓடி முடிச்சதும் நல்ல தண்ணியில அலசிடணும், இல்லைன்னா தோல் அரிக்கும். எந்த ரெசின் ஸ்ட்ராப்பும் சில வருஷத்துல விறைச்சு உடையத்தான் செய்யும். அதனால மாத்து ஸ்ட்ராப் கிடைக்கிற மாடலாப் பாருங்க.

7. போலி. நண்பன் ஒருத்தன் பிளாட்பாரத்துல அறுநூறு ரூபாய்க்கு 'ஜி-ஷாக்' வாங்கினான். முதல் மழையில உள்ளே மீன் வளர்க்கலாம் போல ஆயிடுச்சு. அசல்ல பின்மூடியில சின்னக் கட்டத்துக்குள்ள நாலு இலக்க மாட்யூல் எண் இருக்கும். அந்த எண்ணை வெச்சு கையேட்டைத் தேடிப் பாருங்க. மாடல் ஒத்துப் போகலைன்னா அப்படியே கீழே வெச்சுட்டு வந்துடுங்க.

இந்த ஏழையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு மார்க் போட்டேன் (சிரிக்காதீங்க, கால் உடைஞ்சவன் வேற என்ன பண்ணுவான்). கடைசிச் சுற்றுல நின்னது ரெண்டு. ஒண்ணு டைமெக்ஸ் அயர்ன்மேன். 1986லேர்ந்து டிரையத்லான் பண்றவங்களை மனசுல வெச்சு வர்ற வரிசை. சுற்று நேரத்தை எல்லாம் ஞாபகம் வெச்சுக்கிற மாடல்கள் உண்டு. இன்னொண்ணு ஜி-ஷாக் 5600 வரிசையில ஒரு சதுர வாட்ச். டைமர் தானா திரும்ப ஓடும், 200 மீட்டர் தண்ணி. ஆனா சுற்று நேரத்தை எல்லாம் சேமிச்சு வைக்காது.

நியாயமா ஓட்டத்துக்கு முதல் வாட்ச்தான் சரி. 'ஞாபகம் வெச்சுக்கும்'ங்கிற அதே காரணத்துக்காக அதை வேண்டாம்னு விட்டேன். என்னை எனக்குத் தெரியும். குடிகாரன் வீட்டுல பாட்டில் அலமாரி எதுக்கு?

சதுர வாட்ச்சுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கிகுவோ இபேன்னு கேசியோல ஒரு இன்ஜினியர். ஹைஸ்கூல் சேர்ந்தப்போ அவங்கப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறிடுச்சு. 1981ல அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த திட்டம் ஒரே வரி, கீழே போட்டாலும் உடையாத வாட்ச். படம் கிடையாது, விவரம் கிடையாது. நம்ம ஊர்ல இப்படி ஒரு ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் கொடுத்தா டேமேஜர் மூஞ்சியிலேயே விட்டெறிவார். பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தா தாங்கணும், பத்து பார் தண்ணி அழுத்தம் தாங்கணும், பேட்டரி பத்து வருஷம் வரணும்னு மூணு பத்து இலக்கு. ஆபீஸ் மூணாவது மாடி பாத்ரூம் ஜன்னல்லேர்ந்து ஒவ்வொரு மாதிரியாக் கீழே போட்டுப் பார்த்தாங்க. சுமார் இருநூறு மாதிரி. ஒரு பாகத்தைக் காப்பாத்தினா இன்னொரு பாகம் உடையுது. மனசு விட்டுப்போய் பார்க்ல உட்கார்ந்திருந்தவர் ஒரு சின்னப் பொண்ணு பந்தைத் தட்டி விளையாடுறதைப் பார்த்தார். பந்துக்கு நடுவுல வாட்ச்சோட உயிர் மிதந்துட்டு இருந்தா? தரை அடி நடுவுக்குப் போகாதே! அப்படித்தான் உள் இயந்திரத்தைச் சில புள்ளிகள்ல மட்டும் தாங்கி, கிட்டத்தட்ட மிதக்க விட்டாங்க. 1983 ஏப்ரல்ல முதல் ஜி-ஷாக் வந்தது. அமெரிக்காவுல ஐஸ் ஹாக்கி மட்டையால அந்த வாட்ச்சை அடிக்கிற மாதிரி விளம்பரம் எடுத்தாங்க. பொய்யா நிஜமான்னு ஒரு டிவி நிகழ்ச்சியில அடிச்சே பார்த்தாங்களாம். ஓடிட்டேதான் இருந்துச்சு.

ஹாக்கின்னதும் அப்பா ஞாபகம். ஊர் கோவில்பட்டி. எங்க ஊர்ல ஹாக்கி மட்டை இல்லாத தெரு கிடையாது. அப்பா பள்ளிக்கூடத்துல பி.டி. சார், ரிட்டையர் ஆயிட்டார். கழுத்துல கயிறு கட்டின சாவி ஸ்டாப்வாட்ச், கையில விசில், இதுதான் எனக்குத் தெரிஞ்ச அப்பா. பி.டி. சார் பையன் ஓட்டத்துல கடைசியா வந்தா எப்படி இருக்கும்னு பி.டி. சார் பையன்களுக்குத்தான் தெரியும். அதனாலயே நான் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கினேன்னு கூடச் சொல்லலாம்.

கால் விரிசலை அப்பாகிட்ட சொல்லல. அம்மாகிட்ட சொன்னேன். அதாவது, அப்பாகிட்ட சொல்லியாச்சுன்னு அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது.

"என்னல, வாட்ச்சு வாங்கப் போறியாம்லா?"

ஆமாப்பான்னு ஸ்ப்ரெட்ஷீட்டை முழுசா ஒப்பிச்சேன். தண்ணி, லைட், டைமர், குவார்ட்ஸ் படிகம் செகண்டுக்கு 32,768 தடவை அதிரும், அதைப் பதினஞ்சு தடவை ரெண்டா வகுத்தா ஒரு செகண்ட், மாசத்துக்குப் பதினஞ்சு செகண்டுதான் கூடக் குறைய வரும்... செகண்ட் இயர்ல அரியர் வெச்ச டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் வந்துடுச்சு. அப்பா பொறுமையாக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. நிறுத்துற பட்டன் எங்க இருக்கு?"

"கீழே வலது பக்கம்ப்பா. ஏன்?"

"ஸ்டாப்வாட்ச்சுன்னுதானல பேரு. பயக எல்லாரும் ஸ்டார்ட்டுக்குத்தான் பாக்கான்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரா ஒரு விஷயத்தை எடுத்தார். நான் ஆறாவது படிக்கும்போது மாவட்டப் போட்டி. 1500 மீட்டர்ல அப்பாவோட ஸ்கூல் பையன்தான் முதல்ல வந்துட்டு இருந்தான். கடைசிச் சுற்றுக்கு முன்னாடி அவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வச்சான். அப்பா டிராக்குக்குள்ள இறங்கி, அவன் தோளைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்டார். பையனோட அப்பா மைதானத்துலயே கத்தினார். ஹெட்மாஸ்டர் மறுநாள் கூப்பிட்டுக் கேட்டார். வேலியோரம் நின்னு இதைப் பார்த்த எனக்கு அன்னைக்கு ரொம்ப அவமானமா இருந்தது. ஜெயிக்கப் போறவனை எவனாவது நிறுத்துவானா?

"அவனுக்கு அன்னைக்கு ஒரு கப்பு போச்சு. அதுக்கப்புறமும் அவனுக்கு ரெண்டு காலு வேணும்லா" என்றார் அப்பா. "நான் அங்கன இருந்தேன், நிறுத்திட்டேன். ஒனக்கு அங்கன யாருல இருக்கா?"

பதில் சொல்லல. சொல்ல வரல.

அந்த வாரமே சதுர வாட்ச்சை வாங்கிட்டேன்.

இதுல ஒரே ஒரு சிக்கல். ஒரு டைமர்தான், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு மாத்தி மாத்தி ஓடாது. அதனால ஒரு நிமிஷத்துக்கு வெச்சுத் தானா திரும்ப விட்டேன். ஒரு பீப்புக்கு ஓடணும், அடுத்த ரெண்டு பீப்புக்கு நடக்கணும். நம்ம மொழியில சொன்னா மாடுலோ மூணு :-) எத்தனையாவது செட்டுன்னு மறந்துடுமே? பீச்ல பத்து கிளிஞ்சல் பொறுக்கி வலது பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். ஒரு செட் முடிஞ்சா ஒண்ணு இடது பாக்கெட்டுக்குப் போகும். ஒரு லட்சம் வரி கோடு எழுதினவனோட டேட்டாபேஸ் இதுதான்.

முதல் நாள் பத்து செட்டும் முடிஞ்சது, வலி இல்ல. ரெண்டாவது நாளும் அப்படியே. மூணாவது தடவை, போன செவ்வாய்க்கிழமை. நாலாவது கிளிஞ்சல் இடது பாக்கெட்டுக்குப் போச்சு. அடுத்த பீப்புக்கு ஓட ஆரம்பிச்சேன், பத்து அடி கூட வெச்சிருக்க மாட்டேன். அந்தப் பழைய இடத்துல லேசா ஒரு சுருக். வலின்னு கூடச் சொல்ல முடியாது. பத்தடியில சரியாயிடும்னு மனசு சொல்லுது. 143 நாள் இதைத்தான் சொல்லுச்சு. இந்த ஒரு நிமிஷம் மட்டும்னு சொல்லுது.

பக்கத்துல ஒரு பெரியவர் வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு என்னைத் தாண்டி நடந்து போனார். அவரையாவது முந்திட்டு நிறுத்தலாமேன்னு ஒரு நினைப்பு. நிஜமா வந்துச்சுங்க.

கீழே வலது பட்டன். அமுக்கிட்டேன்.

எதுவும் ஆகல. பட்டாசு இல்ல, அரைகுறை வளையம் இல்ல, 'நாளை முயற்சிக்கலாம்'னு ஆறுதல் இல்ல. எண் அப்படியே நின்னுச்சு. அதை மறுபடி ஒரு நிமிஷத்துக்குத் திருப்பிட்டு, இளநிக் கடையில உட்கார்ந்தேன். அன்னைக்கு நாலு செட்டோட நிறுத்தினது அந்த வாட்ச்சுக்கே தெரியாது. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

மறுநாள் காலையில கட்டிலை விட்டு இறங்கும்போது காலை மெதுவா ஊணிப் பார்த்தேன். வலி இல்ல. பிசியோ அக்காகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் நீச்சல் மட்டும், அப்புறம் அஞ்சு செட்டுலேர்ந்து ஆரம்பிங்கன்னாங்க. அடுத்த ரத்தப் பரிசோதனை ரெண்டு மாசத்துல. எண் என்ன வரும்னு தெரியல. பரோட்டாவை மட்டும் வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சாச்சு.

அப்பாவுக்கு ஃபோன் போட்டு நாலுல நிறுத்திட்டேன்னு சொன்னேன். "ம்" என்றார். பி.டி. சார் அகராதியில 'ம்'னா பெரிய பாராட்டு.

ஷார்ட்ஸை இன்னும் துவைக்கல. வலது பாக்கெட்ல ஆறு கிளிஞ்சல் அப்படியே கிடக்கு.

பி.கு: இதைப் படிச்சுட்டு ஜி-ஷாக் வாங்கலாமான்னு கேட்டா, உங்க வேலைக்கு எது போதுமோ அதை வாங்குங்க. வெறும் நடைக்கு எஃப்-91டபிள்யூவே ஏகப்பட்டது. ஸ்மார்ட்வாட்ச் கட்டியும் நிறுத்தத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு என் வணக்கம். உங்க கையில என்ன ஓடுதுன்னு சொல்லிட்டுப் போங்க.